எந்தக் கிணறுங்க சார்?

கணக்குப் புத்தகத்தில் ஓடுகிற ரயிலைப் பார்ப்பதற்காக ஸ்டேஷனுக்கே கிளம்பிப் போன மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவர்தான் எனக்கு ரூம்மேட்டாக வந்து வாய்த்தார். பெற்றோர் வைத்த பெயர் வருகைப்பதிவோடு சரி. ஹாஸ்டலில் அவர் பெயர் 'நேர்ல'.

தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸ் முதலாண்டு படித்தோம். எங்கள் பக்கத்தில் கூடப் படிக்கிறவனையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவது. அதனால் நேர்ல என்னை எத்தனை படுத்தினாலும் மரியாதையாகவே படுத்தினார்.

முதல் வம்பு ரயிலில் ஆரம்பித்தது. ஒரு ரயில் பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு ஹோம்வொர்க் கணக்கு. ஹாஸ்டலே பார்முலாவில் போட்டு முடித்துவிட்டு கேரம் ஆடப் போய்விட்டது. நேர்ல மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"வாங்க, நேர்ல பாத்துப்போட்டு வந்து எழுதிக்கலாமுங்க."

பீளமேடு ஸ்டேஷனில் மண்டை காயக் காய நின்றோம். நிற்காமல் பறக்கிற எக்ஸ்பிரஸ் அன்றைக்கென்று பார்த்து வரவே இல்லை. மறுநாள் நேர்ல விடைக்கான இடத்தில் 'வண்டி லேட்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது படகு. ஆற்றின் வேகம் இவ்வளவு, படகின் வேகம் இவ்வளவு, அக்கரை சேர எத்தனை நேரம்? நேர்ல நொய்யலுக்குப் போய்விட்டு, செருப்பில் மண்ணோடு திரும்பி வந்தார். 'ஆற்றில் தண்ணீர் இல்லை. நடந்தே கடந்துவிட்டேன்' என்று எழுதினார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனாலும் சார் முட்டைதான் போட்டார்.

அலைகள் பாடம் வந்தபோது நான் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளாத குறை. ஹாரன் அடித்தபடி ஒரு வண்டி நம்மைத் தாண்டிப் போனால் சத்தத்தின் சுருதி இறங்கும் என்றது புத்தகம். என்னைச் சுந்தராபுரம் ஸ்டாப்பில் நிறுத்திவிட்டு, நேர்ல உக்கடம் போய் பொள்ளாச்சி பஸ்ஸில் டிரைவர் பக்கத்து சீட்டைப் பிடித்தார். என்னைத் தாண்டும்போது ஹாரன் அடிக்க வேண்டும், படிப்பு விஷயம் என்று சொல்லியிருக்கிறார். படிப்பு என்றதும் டிரைவர் உருகிவிட்டார். அது ராகம் பாடுகிற ஹாரன். தூரத்தில் என்னைக் கண்டதுமே ஆரம்பித்தவர், ஒரு கச்சேரியையே நடத்தி, கண்ணுக்கு மறையும்வரை நிறுத்தவில்லை. ஸ்டாப்பில் நின்ற சனமெல்லாம் என்னை ஏதோ மந்திரிக்குச் சொந்தக்காரன் என்று நினைத்திருக்கும்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மூச்சு வாங்க ஓடி வந்தார் நேர்ல. "எறங்குச்சுங்களா?"

"என்னதுங்க?"

"சுருதிங்க."

காது அடைத்துப்போய்விட்டது என்றேன். மனிதர் அதையும் அப்படியே எழுதிவிட்டார்.

பிசிக்ஸ் சார் ரொம்பச் சாது. அவரே ஒருநாள் ஹோம்வொர்க் கட்டை மேசையில் போட்டுவிட்டு, இனி ஒரு கணக்காவது போர்டில் ஒழுங்காகப் போட்டுக் காட்டினால்தான் நேர்லவின் ஹால் டிக்கெட்டில் கையெழுத்து என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை கடைசி வாய்ப்பு.

வகுப்பே சிரித்தது. நேர்லவுக்கு உயிரே போய்விட்டது. பொள்ளாச்சிப் பக்கம் அவர் அப்பாவுக்குத் தேங்காய்க் களம் இருந்தது. பரீட்சை எழுதவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து கொப்பரை காயப்போடு என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அன்றைக்கு நேர்ல சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை.

"எனக்கு இந்தப் படிப்பு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. பாக்காத ஒண்ணை எழுதத்தான் கை வரமாட்டீங்குது" என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

மறுநாள் சார் கணக்கை வாசித்தார். கிணற்றில் ஒரு கல்லைப் போடுகிறோம். விழுந்த சத்தம் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறது. கிணற்றின் ஆழம் என்ன? நேர்ல சாக்பீஸைக் கையில் வாங்கினார். போர்டைப் பார்த்தார். சாரைப் பார்த்தார்.

"எந்தக் கெணறுங்க சார்?"

போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சாரின் முகம் சிவந்தது. லேபுக்குப் போய் ஸ்டாப் வாட்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். "நம்ம ஹாஸ்டல் கெணறுதாம்ப்பா. வா. ஆனா கணக்குதான் மொதல்ல. நீ ஆழத்தைச் சொன்ன பொறவுதான் அளந்து பாக்கறது."

வகுப்பு மொத்தமும் கிணற்றைச் சுற்றி நின்றது. நேர்ல கல்லைத் தேடிக் குனிந்தபோது மெஸ் ருக்குமணியக்கா கரண்டியோடு வந்துவிட்டார். "ஏனுங் கண்ணு, குடிக்கற தண்ணிக் கெணத்துல ஆராச்சும் கல்லைப் போடுவாங்களா?"

நேர்ல நிமிர்ந்தார். "அக்கா, ஒரு தேங்கா குடுங்க. தேங்கான்னா மெதக்கும், அள்ளிக்கலாமுங்க. பொறவு சட்னிக்கும் ஆச்சுங்க."

தேங்காய் போனது. தொம் என்று சத்தம் வந்தது. சார் வாட்ச்சை நிறுத்தி நேரத்தைச் சொன்னார். எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு கணக்குப் போட்டோம். எண்பத்தொன்பது அடி என்று முதலில் கத்தியவன் நான். பாதி வகுப்பு ஆமாம் போட்டது. நேர்ல மட்டும் கிணற்று மேடையில் குந்தி, சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து எண்பத்து மூன்று என்றார்.

"மீட்டர்ல சொல்லுப்பா" என்றார் சார்.

"கெணத்தை அடியிலதானுங்க சார் வெட்டுனாங்க."

"அவங்கெல்லாம் எம்பத்தொம்பதுங்கறாங்களே?"

நேர்ல கிணற்றை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "தேங்கா கீழ போவோணுமுங்க. அதுக்கப்பறந்தான் சத்தம் மேல ஏறி வரோணுமுங்க. இவங்க எல்லாரும் எறங்குனதுக்கு மட்டும் நேரம் குடுத்தாங்க, ஏறுனதுக்குக் குடுக்கலீங்க சார்."

மோட்டார் ஓடாத நாளுக்கென்று வைத்திருந்த கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கினோம். வாளி தண்ணீரைத் தொட்டதும் கிணற்று விளிம்பில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு, இழுத்துத் தரையில் நீட்டி அளந்தோம். எண்பத்தொன்று!

"ரெண்டடி உதைக்குதுங்களே சார்" என்றேன் நான், தோற்ற எரிச்சலில்.

"அது காத்துத் தடுத்ததுப்பா" என்றார் சார். சொல்லிவிட்டு, சாதுவான அந்த மனிதர் நேர்லவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? வகுப்பே ஹோவென்று கத்தி நேர்லவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. கிணற்று மேடையிலேயே ஹால் டிக்கெட்டில் கையெழுத்து விழுந்தது. வாளியால் துழாவித் துழாவித் தேங்காயையும் மீட்டுவிட்டோம். ருக்குமணியக்கா அரைத்த அந்தச் சட்னிக்கு முன்னால் எந்தக் கல்யாணப் பந்தியும் நிற்காது.

பரீட்சையில் படகுக் கணக்கு வந்தது. என் விடைத்தாளை எப்படியோ முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன். நேர்ல வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். படகுக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"ஆத்துல தண்ணி வந்துட்டதா நெனச்சுக்கிட்டேனுங்க. கரை பொரண்டு ஓடுச்சுங்க. போட்டுப்போட்டேன்" என்றார், முகமெல்லாம் பல்லாக.

பாஸானார். கொப்பரைக் களத்துக்குப் போகவே இல்லை, மேலே மேலே படித்து எங்கோ வடக்கே வேலைக்குப் போய்விட்டார். இப்போதும் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் என்னைத் தாண்டிப் போனால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். சுருதி இறங்கத்தான் செய்கிறது. அதை அவரிடம் போனில் சொல்ல எனக்கு மனசில்லை, நேர்ல பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.