மைக்கண்ணாடியின் மிகுதி 14ஆம் பக்கத்தில் இல்லை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
17.02.1976

‘இல்ல ஒளி’ வார இதழின் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் சுகமாயிருக்க விரும்பி, என் வணக்கத்தையும் தெரிவித்துக்கொண்டு, கீழ்க்காணும் முறைப்பாட்டைச் சமர்ப்பிக்கிறேன். நான் மிஸ் தங்கரத்தினம். இருபத்தாறு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து, பென்சனில் இளைப்பாறியவள். வயது ஐம்பத்தேழு. தனியாள். உங்கள் இதழை அட்டையிலிருந்து அச்சிட்டவர் பெயர் வரைக்கும் வாசிப்பவள் என்பதால் முறையிட எனக்கு உரிமை உண்டு.

சென்ற மாதம் ‘வீட்டிலேயே செய்வோம்’ பகுதியில் மைக்கண்ணாடி செய்யும் முறையை வெளியிட்டீர்கள். குழிந்த கண்ணாடி ஒன்றின் பின்புறம் கறுப்பு வர்ணம் பூசிக் காயவைத்து, பொழுதுபட்டு மைமலாகும் நேரத்தில் ஒற்றை விளக்கை ஏற்றி, வடக்குப் பார்த்திருந்து, ஒன்றையும் நினையாமல் உற்றுப் பார்த்தால், தொலைந்த பொருளும் தூரத்திலிருக்கும் ஆளும் தெரியும் என்று எழுதியிருந்தது. உருவம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியவை, மிகுதி 14ஆம் பக்கம் என்றும் இருந்தது. 14ஆம் பக்கத்தில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுத் தொதல் கிண்டும் முறை இருந்தது. 13ஐயும் 15ஐயும் பார்த்தேன். அடுத்த கிழமை இதழையும் பார்த்தேன். ஐயா, ஓர் ஆளை ஒரு காரியத்தில் இறக்கிவிட்டால் கரையேறும் வழியையும் சொல்லவேண்டாமா?

குழிந்த கண்ணாடிக்கு நான் எங்கே போவேன்? இளைப்பாறிய அன்று கந்தோரில் தந்த சுவர் மணிக்கூட்டின் கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டாம் நாள் மூடியில்லாத மணிக்கூட்டுக்குள் பல்லியொன்று புகுந்து முள்ளில் சிக்கி, மூன்றே கால் மணியோடு ஓட்டம் நின்றுவிட்டது. கறுப்பு வர்ணம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். இறக்குமதி இல்லை என்றார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு ஸெய்னுதீன், அவர் தோணி திருத்துகிறவர், ஒரு சிரட்டையில் தார் கொண்டுவந்து தந்தார். “மிஸ், இது ஓட்டையை அடைக்கிற சாமான். இதில ஆளைப் பார்க்க ஏலுமோ தெரியாது,” என்று அப்போதே சொன்னார். பூசினேன். காயவேண்டுமே! கிணற்றுக்கட்டில் வைத்தேன், காகம் நடந்து போனது. கதிரையில் வைத்தேன், கதிரையோடு ஒட்டிக்கொண்டது. ஒன்பதாம் நாள் ஒருமாதிரி இறுகியது. விளக்கை ஏற்றிக்கொண்டு இருந்தேன். ஒன்றையும் நினையாமல் இருக்கவும் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். தனிய இருக்கிற ஆளுக்கு அது என்ன பாடு என்று எழுதினவருக்குத் தெரியுமா? ஒரு மணித்தியாலம் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது, வழக்கத்தைவிடக் கறுப்பாக.

இதோடு விட்டிருப்பேன். ஸெய்னுதீன் யாரிடமோ சொல்ல, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் காவல் வேலை செய்யும் சாமித்தம்பி வந்து வாசல் விறாந்தையில் நின்றார். சைக்கிளைக் காணவில்லையாம். கண்ணாடியைப் பார்த்துச் சொல்லட்டாம். நான் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “நேற்று கடைசியா எங்க தேத்தண்ணி குடிச்சனீர்?”

“சந்திக் கடையில, மிஸ்.”

“அங்க போகேக்க சைக்கிளிலதானே போனனீர்?”

“ஓம்.”

“திரும்பி வரேக்க?”

மனிசன் படியிறங்கிச் சந்திக்கு ஓடினார். சைக்கிள் கடைச் சுவரில் சாத்தினபடியே நின்றதாம். கண்ணாடி ஒன்றும் செய்யவில்லை ஐயா. இருபத்தாறு வருடம் ஆரோடை கதைக்கவேணும், எந்த ஊர், எந்த நம்பர் என்று பொறுமையாய்க் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். ஆனால் அதற்குப் பிறகு ஆடு துலைச்சவை, தோடு துலைச்சவை, வேலையில இடமாற்றம் வருமோ என்று கேட்கிறவை எல்லாரும் வந்தினம். பதினொரு நாள் என்ரை விறாந்தையில ஆள் இருந்தது. நான் பிஸ்கட் வாங்கினேன், போதாமல் திரும்பவும் வாங்கினேன், ஸெய்னுதீன் வீட்டிலயிருந்து கோப்பை இரவல் எடுத்தேன். பொய் சொல்லக்கூடாது ஐயா, எனக்கு அது பிடிச்சுது. ஆடு கிடைக்காத ஆக்கள்கூட இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவை.

பதினோராம் நாள் எல்லாரும் போன பிறகு, ஸெய்னுதீனின் மனைவி நஜ்முன் நிஸா கோப்பை கழுவித் தந்துகொண்டிருந்தவ, “அக்கா, ஊருக்கெல்லாம் பார்க்கிறீங்க, உங்களுக்கெண்டு ஒண்டும் கேக்கலியே?” என்றா.

அப்போதுதான் ராசமலரைப் பற்றி முதல்முதல் ஓர் ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன். ராசமலர் மட்டக்களப்பு நிலையத்தில் என்னைப் போல வேலை பார்த்தவ. காலையில் நான் இணைப்புப் பலகையில் மட்டக்களப்பு வயரைக் குத்தினால், “ட்ரிங்கோ, சாப்பிட்டிட்டீரோ?” என்று திருகோணமலையையே என் பெயராக்கிக் கேட்பதுதான் முதல் கதை. அழைப்பு வரும், கொடுப்போம், பிறகு விட்ட இடத்திலிருந்து கதைப்போம். அம்மா செத்த செய்தியைச் சொந்தக்காரருக்கு முன்னம் அவவுக்குத்தான் சொன்னனான். பத்தொன்பது வருடம். ஒருநாளும் கண்டதில்லை, படமும் இல்லை, வீட்டு விலாசமும் கேட்கவில்லை. வயரைக் குத்தினால் வருகிற ஆளுக்கு விலாசம் எதுக்கு? ஒருநாள் குத்தினேன், புதுக் குரலொன்று வந்தது. “அவ விலகிப் போயிட்டா, மிஸ்.” அவ்வளவுதான். ஏன், எங்கே என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. நான் இளைப்பாறிய பிறகு அங்கே இரண்டு கடிதம் போட்டேன். மறுமொழி இல்லை. பஸ் ஏறிப் போயும் பார்க்கலாம்தான். முகம் தெரியாத ஆளை எந்த வாசலில் நின்று கேட்பது?

“நீங்க பார்த்தா அவட முகமெண்டு எப்படித் தெரியும்?” என்று நஜ்முன் நிஸா கேட்டா. நியாயம்தான். “நான் பார்க்கிறேன் அக்கா. நீங்க அவவை நினைங்க.”

விளக்கை ஏற்றினோம். நீங்கள் வடக்கு என்றீர்கள், மட்டக்களப்பு தெற்கில் இருப்பதால் தெற்குப் பார்த்துத்தான் இருந்தோம். கண்ணாடி என் மடியில். அவ பக்கத்தில் இருந்து சரிந்து பார்த்தா. நான் அந்தக் குரலை நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தா.

“தெரியிறா அக்கா! வயசான மனிசி. மெலிஞ்சு போய் இருக்கிறா.”

“என்ன செய்யிறா?”

“அழுகிறா.”

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். கண்ணாடிக்குள்ளும் அந்த மனிசி துடைத்திருப்பா. நஜ்முன் நிஸா கவனிக்கவில்லை. “அழாதீங்க அக்கா, ஆள் உசிரோட இருக்கா,” என்று என்னைத் தேற்றினா. அவ்வளவு சந்தோசமாய்ச் சொன்ன பிள்ளைக்கு நான் என்னத்தைச் சொல்ல? “ஓம் பிள்ளை,” என்றேன்.

அடுத்த நாள் வெயிலுக்குத் தார் இளகி முழுக்க வழிந்து, மேசைச் சீலையும் நாசம், நிலமும் நாசம். கண்ணாடி பளிங்கு மாதிரி. வந்த ஆக்கள் அதைப் பார்த்துவிட்டு, “அப்ப வாறம் மிஸ்,” என்று படியிலிருந்தே திரும்பிவிட்டார்கள். ஒருவரும் இருக்கவில்லை. பிஸ்கட்டைத் தனியத் தின்று முடிக்க ஆறு நாள் எடுத்தது.

ஆகவே, செய்துபார்க்காத கைவேலைகளை வெளியிட வேண்டாமென்றும், மிகுதி என்று போட்டால் மிகுதியைப் போடவேண்டுமென்றும் வன்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதம் பிரசுரமாகுமானால் என் பெயரோ தெருவோ வரக்கூடாது. ‘ஒரு வாசகி’ என்றால் போதும். இனி உங்கள் இதழ் எனக்கு வேண்டாமென்று கடையிலும் சொல்லிவிட்டேன்.

தங்கள் அச்சில் பிழை குறைந்து, வீட்டில் நோய்நொடி இல்லாமல், பிள்ளைகுட்டிகளோடு நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செ. தங்கரத்தினம்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போனவள் திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். ராசமலரும் உங்கள் இதழைத்தான் வாசிக்கிறவ. மட்டக்களப்புக்கு இதழ் ஒருநாள் முந்தி வருமாக்கும், தொடர்கதையை எனக்குச் சொல்லிக் கெடுத்துப்போடுவா. ஆகையால் என் பெயரைப் போடவும், தெருவையும் போடவும். இடம் போதாவிட்டால் முறைப்பாட்டை முழுக்க வெட்டிவிட்டு, பெயரையும் விலாசத்தையும் மட்டும் போட்டாலும் எனக்குச் சம்மதம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் ஐயா. அவவுக்கும் என் வயதுதான்.