பன்னிரண்டு கார்களைச் சுருக்கிய கணக்கு

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட மாபெரும் முன்னேற்றம், வரைபட மென்பொருளுக்குள்ளேயே ஒரு கணிப்பானை வைத்ததுதான். பெருங்களத்தூரில் அடுக்குமாடி கட்டி விற்கும் எலியேசர் சார் திங்கட்கிழமைக் கூட்டங்களில் இதை எழுந்து நின்று அறிவிப்பார். கூட்டம் என்பது அவரும், படம் வரையும் மெஹர் பானுவும்.

"கையில தட்டினா மனுஷன் தப்பு பண்ணுவான்மா. இது படத்துல ரெண்டு புள்ளியைத் தொட்டாலே அளவு எடுத்துக்கும். பொய்யே சொல்லாது!"

அன்று அது 2.1 மீட்டர் என்றது. கீழ்த்தளத்தில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே கார் நிறுத்தும் இடம்.

"ரெண்டரை வேணும் சார். கார் உள்ள போயிடும், கதவைத் திறக்க முடியாது."

"தூண் எழுப்பியாச்சே! காரைச் சின்னதாக்கு."

"காரையா சார்?"

"படத்துலதாம்மா!"

வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். மெஹர் பானு 2.1-ஐ 2.5-ஆல் வகுத்தாள். 0.84 என்றது கணிப்பான். ஏன் என்று அது கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. திரையில் பன்னிரண்டு கார்களும் பணிவோடு சுருங்கி, பன்னிரண்டு இடங்களில் அடங்கின.

"இதான் டெக்னாலஜி!" என்றார் சார்.

அடுத்த ஆண்டு வீடுகளை ஒப்படைத்த அன்றே, இரண்டாம் மாடியில் வீடு வாங்கிய நாகலக்ஷ்மி அலுவலகத்துக்கு வந்தார். புடவை முழுக்கத் தூசி.

"பதினாறு வருஷமா கார் ஓட்டறேன். இன்னிக்குத்தான் டிக்கி வழியா இறங்கினேன்!"

"படம் கரெக்ட் மேடம். உங்க கார்தான் படத்துல இருக்கற அளவுல இல்ல" என்றார் சார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "ஒருவேளை கால்குலேட்டர் தப்பா..."

அந்தக் கணிப்பானுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போட்ட கணக்கையெல்லாம் வரிசையாகச் சேர்த்து வைத்திருக்கும். மெஹர் பானு திரையை நாகலக்ஷ்மி பக்கம் திருப்பினாள்.

"இது சரியாதான் போட்டிருக்கு மேடம். காரைச் சுருக்கச் சொன்னது சார். சுருக்கினது நான்."

நாகலக்ஷ்மி திரையைப் படமெடுத்து மற்ற பதினோரு வீடுகளுக்கும் அனுப்பினார்.

மறுநாள் காலை அலுவலகக் கதவில் ஒரு சுற்றறிக்கை: "நிறுவனத்தின் நற்பெயர் கருதி, மெஹர் பானுவும் மேற்படி கணிப்பானும் உடனடியாகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். குற்றம்: கேட்டதும் உண்மையைச் சொன்னது."