ஆளுக்கு ஒரு வண்டி கூடாது

தென்னாற்காடு ஜில்லாவின் போக்குவரத்தைத் திருத்தியே தீருவது என்று சுப்புராயன் முடிவு கட்டியபோது அவர் வாயில் பாதி இட்லி இருந்தது.

"சௌந்தரம், இனிமே ஆளுக்கு ஒரு வண்டி கூடாது" என்றார்.

"நம்ம வூட்ல மொத்தமே ஒரு வண்டிதானேங்க இருக்கு?"

"நம்ம வூட்டப் பத்தி யாரு பேசுறா? நான் ஜில்லாவப் பத்திப் பேசுறேன்."

அறுபத்தஞ்சில் பாகிஸ்தான் சண்டை முடிந்த கையோடு எங்கு பார்த்தாலும் சிக்கனப் பேச்சு. கடலூர்–சிதம்பரம் ரோட்டில் யார் போகிறார்கள், எத்தனை பேர் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று கணக்கெடுத்து, வண்டி ஓட்டத்தைக் குறைக்க ஒரு திட்டம் எழுதித் தரும்படி ஹெட் கிளார்க் சுப்புராயனிடம் மேலதிகாரி சொல்லியிருந்தார். பெட்ரோல் மிச்சமாகும், புகையும் குறையும்.

புகையைப் பற்றிச் சுப்புராயன் பேசலாமா என்று கேட்டால் கடலூரில் அவர் குடியிருந்த மஞ்சக்குப்பமே சிரிக்கும். மாமனார் சீதனமாகத் தந்த அவருடைய பழைய கறுப்புக் கார் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால், பக்கத்து வீட்டு சைதுன் பீவி கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துப்பட்டி சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.

காரில் அவர் ஒருவர்தான் போவார். "நானும் வரட்டுமா? சிதம்பரத்தப் பார்த்து மூணு வருஷம் ஆவுது" என்று சௌந்தரம் வாராவாரம் கேட்பாள்.

"நான் என்ன ஊர் சுத்தவா போறேன்? ஆபீஸ் வேல. சர்க்கார் காரியத்துக்குப் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் போனா ஆபீஸ்ல சிரிக்க மாட்டானுங்க?"

அந்த ஆபீஸ் வேலை சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், சடையப்பன் என்ற சிநேகிதர் வீட்டில், பாயைப் போட்டு நடந்தது. நாலு பேர், இரண்டு கட்டுச் சீட்டு, ரம்மி. ஆறு நாள் ஃபைலில் காய்ந்த மனிதர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதை மட்டும் யாரும் பறித்துவிடக் கூடாது. மற்றபடி போக்குவரத்தை எப்படிக் குறைத்தாலும் அவருக்குச் சம்மதம்.

கணக்கெடுப்பைச் சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக ஏற்பாடு செய்தார். வழியில் ஒரு ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால் வண்டிகள் தானாக நிற்கும், நின்றவனிடம் கேள்வி கேட்பது சுலபம். அங்கே ஒரு ஸ்டூலைப் போட்டு, ஆபீஸ் பியூன் கொளஞ்சியை உட்கார வைத்தார்.

"யாரா இருந்தாலும் வுடாத. எங்க போறான், எதுக்குப் போறான், ஒண்ணு வுடாம எழுது. ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. சொல்ல மாட்டேன்னா, கண்ணால பார்த்தத எழுது."

சொன்னதைச் சொன்னபடி செய்வது கொளஞ்சியின் பிறவிக் குணம். முதல் ஞாயிற்றுக்கிழமையே கறுப்புக் கார் கேட்டில் வந்து நின்றது.

"எங்க சார் போறீங்க?"

"டேய், நான்தாண்டா."

"தெரியுது சார். எங்க போறீங்க?"

"அண்ணாமலை நகர். சடையப்பன் வூட்டுக்கு."

"எதுக்கு சார்?"

"மேற்பார்வை."

கொளஞ்சி காருக்குள் எட்டிப் பார்த்தான். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நிதானமாக எழுதினான். கேட் திறந்தது. என்ன எழுதினான் என்று எட்டிப் பார்க்கச் சுப்புராயனுக்கு நேரமில்லை. அங்கே மூன்று பேர் சீட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நாலு வாரத்தில் ஒரு கட்டுத் தாள் சேர்ந்தது. கூட்டிப் பெருக்கி எழுத வேண்டும். அதற்குச் சுப்புராயனுக்குப் பொறுமை கிடையாது. சௌந்தரம் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தொண்ணூறு வாங்கியவள். தாள்களை அவளிடம் தள்ளிவிட்டார். இப்படி ஒரு காரியத்தை ஜில்லாவில் வேறு எந்தப் புருஷனும் செய்திருக்க மாட்டான்.

மூன்றாம் நாள் காலை, முகமெல்லாம் சோப்பு நுரையோடு அவர் க்ஷவரம் செய்துகொண்டிருந்தபோது சௌந்தரம் நோட்டோடு வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு வண்டி நாலு ஞாயித்துக்கிழமையும் போயிருக்குது. ஒவ்வொரு வாட்டியும் உள்ள ஒரே ஆளுதான்."

"ஒரே ஆளா? ஒரு ஆளுக்கு ஒரு காரா?" கத்தி நடுக்கன்னத்தில் நின்றது. "இந்த மாதிரிப் பயலுவளாலதான் நாட்டுல பெட்ரோலே இல்ல!"

"அவர என்ன பண்ணலாம்ங்க?"

"எழுதிக்க. நாலு பேர் சேராம அந்த வண்டி வாசல வுட்டு நகரக் கூடாது."

"நாலு பேருக்கு எங்க போவாரு பாவம்?"

"ஏன், அவன் தெருவுல சிதம்பரம் பக்கம் போறவங்களே இல்லியா? அவுங்கள ஏத்திக்கட்டும். அவன் வூட்டு ஆளுங்கள ஏத்திக்கட்டும்."

"அவருக்கு எதாச்சும் சொந்த சோலி இருந்தா?"

"பஸ்ஸு எதுக்கு ஓடுது? அதுல போவட்டும்!"

"கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியலீங்களா?"

"ஜாஸ்தியே இல்ல. குடு இப்படி" என்று நுரைக் கையோடு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சௌந்தரம் மை காய ஊதினாள். மடித்தாள். வாசலில் நின்ற கொளஞ்சியிடம் கொடுத்து ஆபீசுக்கு அனுப்பினாள். அதன் பிறகுதான் வண்டி நம்பரைப் படித்தாள்.

சுப்புராயனின் கன்னத்தில் கத்தி பட்டுவிட்டது.

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குது, அதையும் படிக்கட்டுமா? 'முன் சீட்டில் இரண்டு கட்டுச் சீட்டு இருந்தது. திரும்பி வரும்போது முகத்தில் தோற்ற களை இருந்தது.' நாலு வாரமும் இதே களைதாங்க."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவருக்கும் தெம்பு வந்திருக்கும், பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருப்பார். அவளோ காயத்துக்குப் படிகாரம் எடுத்து வந்து தந்தாள். மனிதர் மறு கன்னத்தைச் சிரைக்காமலே எழுந்துவிட்டார்.

மேலதிகாரிக்குத் திட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது. "எழுதினவர் வண்டியிலயே ஆரம்பிச்சிடுவோமே, மத்தவங்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கும்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

சௌந்தரம் நாலு பேரைச் சேர்க்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. சைதுன் பீவியும் மகள் ருக்கையாவும் லால்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், சிதம்பரம் வழிதான். ருக்கையாவின் மாப்பிள்ளை ரஃபியுதீன் மலேயாவில் ஆறு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். அவரும் வருகிறார். நாலாவது ஆள் சௌந்தரம்.

அன்று முழுக்கச் சுப்புராயன் யோசித்தார். இவர்களோடு போனால் தப்ப முடியாது. சாமி கும்பிட வேண்டும், வளையல் கடையில் நிற்க வேண்டும். போகாவிட்டால் ஆட்டம் போச்சு. திடீரென்று பளிச்சென்று ஒரு வழி தோன்றியது. திட்டம் போட்டவருக்குத் திட்டத்தில் இருக்கும் சந்து தெரியாதா?

"சௌந்தரம், வண்டிய ரஃபியுதீன் தம்பி ஓட்டட்டும். நீங்க நாலு பேரும் சௌகரியமாப் போங்க. எனக்கு ஒரு சொந்த சோலி இருக்குது. நான் பஸ்ல போறேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

மறுத்துப் பேசுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். "அதுவும் சரிதாங்க" என்றாள் அவள். "பாவம், உங்களுக்குத்தான் கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கார் நாலு பேரோடு முன்னால் போயிற்று. சுப்புராயன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். வழியெல்லாம் நிற்கும் பஸ் அது. காலை எவனோ மிதித்தான், முதுகில் ஒரு கோழிக்கூடை இடித்தது. இருந்தாலும் உதட்டில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவளை ஜெயித்தது இதுதான் முதல் தடவை. நினைக்க நினைக்க இனித்தது.

வேர்த்து விறுவிறுத்து அண்ணாமலை நகர் போய்ச் சேர்ந்து, சடையப்பன் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்த சடையப்பன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கரண்டியோடு நின்றார்.

"என்னடா இது கோலம்?"

"மெதுவாப் பேசு மச்சான். உள்ள ஆட்டம் நடக்குது."

"நான் வராம எப்படிடா நாலு கை சேந்துது?"

சடையப்பன் விலகி நின்றார். பாயில் அவருடைய சம்சாரம் ஞானாம்பாள் உட்கார்ந்திருந்தாள். மற்ற இரண்டு சிநேகிதர்களின் சம்சாரங்களும் இருந்தார்கள். சுப்புராயன் வழக்கமாக உட்காரும் இடத்தில், சுவரில் சாய்ந்துகொண்டு, பதிமூன்று சீட்டை விசிறியாக விரித்துப் பிடித்தபடி சௌந்தரம். சமையல்கட்டில் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேரும் வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"வரும்போது இவுங்கள எறக்கி வுட்டுட்டு, ரஃபியுதீன் தம்பி லால்பேட்டை போயிருக்குது" என்று சடையப்பன் காதோடு சொன்னார். "பத்து மணிக்கு வந்தாங்க. ஞானாம்பாளுக்கு ரெண்டே ஆட்டத்துல கத்துக் குடுத்துட்டாங்க. இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் வராங்களாம்."

சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட அவர் இன்னும் சமையல்கட்டுக்குள் போகவில்லை.

சௌந்தரம் ஒரு சீட்டைக் கீழே போட்டாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. அண்ணனுக்கு ரசம் வைக்கத் தெரியலியாம், கொஞ்சம் உள்ள போயி பாருங்க."