பச்சைப் பொத்தானும் பழைய புற்றும்

ஒரு காட்டில், இணையம் வந்த நாள் முதல், புலிக்குப் பயப்படுகிறவர்கள் குறைந்து விண்ணப்பத்துக்குப் பயப்படுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அங்கே சுருளியாண்டி என்றோர் எறும்புதின்னி, மனைவி முத்துப்பேச்சியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்ந்து வந்தது. ஆலமரத்தடிப் புற்றில் ஊறும் கறையான்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு.

ஒருநாள் காட்டு அலுவலகம் முரசறைந்தது. "புற்றுகளுக்கு இனி உரிமைச் சீட்டு வேண்டும். அந்தி சாய்வதற்குள் கணினி வழியே விண்ணப்பியுங்கள். புகைப்படம் ஐம்பது கேபிக்கு மேல் போனால் செல்லாது!"

அதே புற்றின்மேல் கரடி வீரணனுக்கும் வெகுநாளாக ஒரு கண்.

சுருளியாண்டியின் படமோ பெரிய படம். செதில்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அத்தனை தெளிவு. அது கணினி முன் உட்கார்ந்து, படம் சுருக்கும் மென்பொருளை இணையத்தில் தேடத் தொடங்கியது.

"ஏங்க, அதுதான் நம்ம பெட்டிக்குள்ளயே இருக்கே" என்றது முத்துப்பேச்சி. "பிள்ளைக யானை வரையுதுகளே, அதுலயே சுருக்கலாம்."

"போடி. அது பிள்ளைக கிறுக்குறது. ஆபீஸ் காரியத்துக்கு ஆகுமா?"

"யானையையே சின்னதாக்குது. உங்களச் சின்னதாக்காதா?"

பயம் வந்தால் உருண்டையாகச் சுருண்டு, தன் வயிற்றையே பார்த்துக்கொண்டு கிடக்கிற இனம் அது. ஆனாலும் தன்னிடம் இருப்பது மட்டும் அதன் கண்ணில் பட்டதில்லை. வீட்டில் இருக்கும் பொருளுக்கும் வீட்டில் இருப்பவள் சொல்லுக்கும் ஒரே மதிப்புதான். முத்துப்பேச்சி பிள்ளைகளைக் குளிப்பாட்டப் போய்விட்டது.

திரையில் மாம்பழம் அளவுக்கு ஒரு பச்சைப் பொத்தான் மின்னியது. 'இலவசம்! இங்கே அமுக்கவும்!' சுருளியாண்டி அமுக்கியது. சீட்டாட்டம் வந்தது. ஜாதகம் பார்க்கும் செயலி வந்தது. மூலையில் ஒரு கிளி வந்து உட்கார்ந்து, "உங்கள் கணினிக்கு ஆபத்து! உங்கள் கணினிக்கு ஆபத்து!" என்று கத்தியது. கிளியை விரட்ட ஒரு மென்பொருள் தேடியது. இன்னொரு பச்சைப் பொத்தான். இன்னொரு கிளி. இரண்டு கிளிகளும் கொஞ்சிக்கொண்டிருக்கையிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

கரடியோ தன் கணினியில் ஏற்கெனவே இருந்ததை வைத்தே படத்தைச் சுருக்கி, மத்தியானமே அனுப்பிவிட்டு, தேன் குடித்துத் தூங்கிப்போனது.

மறுநாள் காலையில் சுருளியாண்டி சுருண்டு கிடந்தது.

"இங்க உருண்டு கிடந்தா புத்து வருமா? நேர்ல போய்க் கேளுங்க" என்றது முத்துப்பேச்சி.

அலுவலகத்தில் அதிகாரி உடும்பு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. அதன் கணினியிலிருந்து பழகிய குரல்: "உங்கள் கணினிக்கு ஆபத்து!"

"ஐயா... பச்சைப் பொத்தானா?" என்றது சுருளியாண்டி, மெதுவாக.

உடும்பு நிமிர்ந்தது. "உமக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ரெண்டு கிளி, ஐயா."

"எனக்கு அஞ்சுய்யா!" என்றது உடும்பு. "கரடி அனுப்பினதைத் திறக்க ஒரு மென்பொருள் தேடினேன். சோறு கொண்டுவந்த வீட்டுக்காரி, 'இதுலயே இருக்கே'ன்னா."

"அதெல்லாம் ஆபீஸ் காரியத்துக்கு ஆகுமா, ஐயா?"

"அதானே!"

அந்த மென்பொருள் உடும்பின் திரையிலேயே, மூன்றாம் கிளியின் வாலுக்குப் பின்னால் சும்மா இருந்தது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். உடும்பு பிடித்தால் விடாது. சுருளியாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னது. "கரடியின் விண்ணப்பம் திறக்கவில்லை, தள்ளுபடி. புற்று உமக்கே."

கரடி ஓடி வந்தது. "நான் எல்லாம் சரியாத்தானே அனுப்பினேன்?"

"சரியாகத்தான் அனுப்பினீர். அதனால்தான் உம்மை இங்கே யாருக்கும் தெரியவில்லை" என்றது உடும்பு.

சுருளியாண்டி சீட்டை ஆட்டிக்கொண்டே வீடு வந்தது. "பாத்தியா? தேடினதாலதான் புத்து கிடைச்சுது!"

"அது முந்தியும் நம்மகிட்டதானே இருந்துச்சு?" என்றது முத்துப்பேச்சி.

சுருளியாண்டியின் காதில் அது விழவில்லை. இரண்டு கிளிகளும் கத்திக்கொண்டிருந்தன.

நீதி: கையில் வெண்ணெய் இருந்தாலும் ஒருமுறை நெய்க்கு அலைந்துவிட்டு வா. அதிகாரிகளும் அந்த வழியில்தான் அலைகிறார்கள்.