கவர் வேண்டாமுங்க

காந்திபுரத்தில் கடை வைத்திருந்த யாரும் அந்தக் காலத்தில் திருடனுக்குப் பயந்ததில்லை. வெறுங்கைக்காரருக்குத்தான் பயந்தார்கள். திருடனாவது பேசாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவான். இவர் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதற்கப்புறம் பேச ஆரம்பிப்பார்.

அவர் பெயர் பில்லில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாங்கிய பொருள் எதையும் பைக்குள் போட்டுக் கொண்டுபோகாதவர் என்பதால் கடைப் பெண்கள் வைத்த பெயர்தான் வெறுங்கைக்காரர்.

தொண்ணூறுகளின் நடுவில், துணி முதல் தோசைக்கல் வரை விற்ற இரண்டு மாடிக் கடை ஒன்றில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பத்தாவது வரை படித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும். யாரையும் எதிர்த்துப் பேசமாட்டேன். முதலாளி என்னை வேலைக்கு எடுத்தது அந்த மூன்றாவது காரணத்துக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அதுவரை எங்கள் கடையில் எது வாங்கினாலும் பழைய பேப்பரில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிக் கொடுப்போம். அதற்குக் காசு கிடையாது. திடீரென்று ஒரு நாள், சிவப்பு எழுத்தில் கடைப் பெயரும் அதற்கு மேலே முதலாளியின் சிரித்த முகமும் அச்சடித்த பிளாஸ்டிக் கவர் வந்து இறங்கியது. பேப்பரும் சணலும் அன்றோடு நின்றன. கவருக்கு ஒரு ரூபாய். ஆனால் பில்லில் ‘கவர்’ என்று எழுதக் கூடாது, ‘இதர’ என்று எழுத வேண்டும். வேண்டுமா என்று கேட்கவும் கூடாது. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம்.

அந்த வாரத்தில்தான் அவர் வந்தார். அன்னூர்க்காரர். மில்லில் ஆள் வருகை எழுதும் டைம் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தார். பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“ஏனுங்க அம்மணி, இந்த இதரங்கறவரு யாருங்க? நான் டம்ளர்தானுங்க வாங்குனேன்.”

“அது கவருங்க.”

“எனக்கு வேண்டாமுங்களே.”

“எல்லாத்துக்கும் போடறதுதானுங்க.”

“நல்லா இருக்குதே! செருப்பு வாங்குனா காலுக்கும் சேத்துக் காசு கேப்பீங்களாட்ட இருக்குதுங்க.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் பில் தொகையை முழுசாகக் கொடுத்தார். கவரை என் மேஜையிலேயே வைத்தார். ஆறு டம்ளரையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, நாதஸ்வரத்தைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டு படியிறங்கினார். அவர் விட்டுப்போன கவரை முதலாளி நீவி மடித்து அடுத்த ஆளுக்கு விற்றார்.

அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். ஒரு வாரம் கொசுவலை. அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை நடையில் போனார். ஒரு வாரம் வீட்டம்மாவுக்கு மூன்று உள்பாவாடை. மூன்றையும் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, நடு ரோட்டில், அன்னூர் பஸ் வரைக்கும் நடந்தார். அந்தம்மா அதற்கப்புறம் இரண்டு மாதம் அவருக்குக் காபியே போட்டுத் தரவில்லை என்று அவரே சொன்னார். மழை கொட்டிய ஒரு நாள் பச்சை பக்கெட் வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார். எதிரே வந்த டவுன் பஸ் தானாகவே ஓரங்கட்டி நின்றுவிட்டது.

ஒவ்வொரு தடவையும் ‘இதர’வுக்குக் காசு கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் கவரை மேஜையில் விட்டுப் போவார். ஒருநாள் தாங்காமல் கேட்டேன்.

“ஐயா, ஊட்டுல மஞ்சப்பை ஒண்ணு இருக்காதுங்களா? கொண்டாந்தா இத்தனை சிரமம் இல்லீங்களே.”

“பதினோரு பை இருக்குதுங்க அம்மணி. கொண்டாந்துட்டா உங்க மொதலாளி செய்யறது செரின்னு ஆயிப்போகுமுங்களே.”

முதலாளியும் ஒருநாள் நேரில் வந்து பேசிப் பார்த்தார்.

“பெரியவரே, ஒரு ரூவாய்க்கு இத்தனை அலப்பறைங்களா?”

“ஒரு ரூவாதானுங்களே? நீங்களே உட்டுக் குடுத்துருங்களேன்.”

வெறுங்கைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முத்து முத்தான எழுத்து. ‘தங்கள் கடைப் பெயரையும் தங்கள் முகத்தையும் சுமந்து செல்லக் கூலி: காந்திபுரம் முதல் அன்னூர் வரை ஐந்து ரூபாய். பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் ஏழு ரூபாய். நாலு பேர் பார்ப்பார்கள் என்பதால்.’

“ஒத்துக்கிட்டீங்கன்னா இப்பவே தூக்கிட்டுப் போறேனுங்க. சிரிச்ச மொகத்தை முன்னால பாக்கத்தான் புடிச்சுக்குவேன்.”

கடையே சிரித்தது. பில்லுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நானும் சிரித்தேன். அதை முதலாளி பார்த்துவிட்டார்.

அந்த மாதமே நுகர்வோர் கோர்ட்டிலிருந்து கடைக்குக் கடிதம் வந்தது. கேட்காத பையைத் தலையில் கட்டி, ‘இதர’ என்று மறைத்துக் காசு வாங்குகிறார்கள் என்று புகார். வக்கீல் இல்லை. தன் கையாலேயே எழுதியிருந்தார். அவர் கேட்டிருந்தது பணம் இல்லை. வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கவர் கொடுக்க வேண்டும், பில்லில் கவர் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்தக் கடையில் நான் உட்கார்ந்த முதல் நாற்காலி அது.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி. பில் போட்டது நீங்கதானுங்களே. அவரே கேட்டுத்தான் கவர் வாங்குனாருன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. சொல்லாட்டியும் பரவால்லீங்க. வேற எங்கயாச்சும் நல்ல வேலையாப் பாத்துக்கலாமுங்க.”

எங்கள் பக்கத்தில் வேலையை விட்டு நிறுத்துவதற்கும் ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார்கள். அப்போது என் வீட்டுக்காரர் கையில் அடிபட்டு லேத் வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். மகளுக்கு மூன்று வயது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

விசாரணை நாளில் அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். கேஸ் காகிதங்களைக்கூடப் பையில் கொண்டுவரவில்லை. பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கட்டியிருந்தார், நான் முன்பெல்லாம் கட்டுவேனே, அதே மாதிரி. கூடவே சாட்சிப் பொருள் என்று அந்தப் பச்சை பக்கெட். வாசலில் இருந்த பியூன் பக்கெட்டை உள்ளே விடவில்லை. “அப்ப இங்கயே வெச்சுக்கிட்டு டோக்கன் குடுங்க” என்று அங்கேயும் ஒரு வாக்குவாதம்.

என்னை நிற்க வைத்துக் கேட்டார்கள். “இவர் கவர் கேட்டாரா?”

நான் அவரைப் பார்க்கவில்லை. “ஆமாங்க. அவரே கேட்டாருங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அந்தப் பொய்யை நான் இரண்டு தடவை சொன்னேன்.

நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி வெறுங்கைக்காரரைப் பார்த்து, “இந்தம்மாவிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றார்.

அவர் எழுந்தார். இனி நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். ஒரு டம்ளருக்கே அரை மணி நேரம் பேசுகிறவர். அவர் நாலு கேள்வி கேட்டால் போதும், நான் உளறிக் கொட்டிவிடுவேன். அவர் என் கையைப் பார்த்தார். முந்தானை நுனியைச் சணல் மாதிரி விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணும் கேக்க வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

புகார் தள்ளுபடியானது. முதலாளி கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு மட்டும் டீயோடு ஒரு பன். அதைத் தின்ன முடியாமல் மேஜை டிராயரில் வைத்தேன். அது அங்கேயே காய்ந்து போயிற்று.

இனி வரமாட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தார். வழக்கமான வெள்ளை வேட்டி, இரண்டு பேனா. ஒரே ஒரு கைக்குட்டை வாங்கினார். என் முன்னால் வந்து நின்றபோது நான் தலையைத் தூக்கவில்லை. கை பழக்கத்தில் ‘இதர’ என்று எழுதிவிட்டது.

“அம்மணி, ஒரு கவர் குடுங்க.”

நிமிர்ந்து பார்த்தேன்.

“நானே கேக்கறேனுங்க,” என்றார், கல்லாவில் இருந்த முதலாளிக்கும் கேட்கிற மாதிரி. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “நீங்க சொன்னது பொய்யாப் போகக் கூடாதில்லீங்க கண்ணு?” என்றார்.

அவ்வளவு பெரிய கவருக்குள் அந்தக் கைக்குட்டையைப் போட்டுக் கொடுத்தேன். அவருக்குக் கவரைப் பிடிக்கவே தெரியவில்லை. காதைப் பிடித்துத் தொங்கவிடாமல், தாம்பாளம் ஏந்துகிறவர் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அவர் வரவும் இல்லை.

அன்னூர் பஸ் எங்கள் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நிற்கும். ஒரு நாள் ஏறிப் போய்ப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று பல வருஷம் நினைத்தேன். போய் என்ன சொல்வது என்று கூச்சம். ஏறவே இல்லை.

இப்போது எந்தக் கடைக்குப் போனாலும், “கவர் வேணுமாங்க?” என்று முதலிலேயே கேட்கிறார்கள். பில்லிலும் தெளிவாக எழுதுகிறார்கள். அவர் கேட்டது அவ்வளவுதான். நான் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு, வாங்கியதையெல்லாம் இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு ரோட்டில் இறங்குகிறேன். “ஊட்டுல அத்தனை பை இருக்குது, உனக்கு என்னம்மா ஆச்சு?” என்று மகள் திட்டுகிறாள். போன வாரம்கூடச் சோப்பு ஒன்று நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கும்போது, முன்னால் யாரோ தலையில் பச்சை பக்கெட்டோடு எனக்காக நின்று காத்திருப்பது போல இருந்தது.