கொண்டைக்குருவிக் கூட்டுக்கு நான் போட்ட பேக்கிங்

பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ‘இது கீழே விழுந்தால் என்ன ஆகும்?’ என்றுதான் முதலில் தோன்றும். பூந்தொட்டி, தேங்காய், தூங்குகிற பச்சைக்குழந்தை, எதுவும் விலக்கல்ல. எனக்கு அது முற்றிப்போயிருந்த காலத்தில் சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு இருந்தேன். (ஊர் தூத்துக்குடிப் பக்கம். வேலை ஒரகடத்தில். டேப் ஒட்டுவதில் லைனிலேயே நான்தான் கெட்டிக்காரி. “நீ ஒட்டின பெட்டியைப் பிரிக்கிறவன் உன்னைத் திட்டாமப் பிரிக்கமாட்டான்” என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.)

வீட்டு ஓனர் சரசு அக்கா. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் ஒரு செம்பருத்தி. அதில் கொண்டைக்குருவி ஜோடி ஒன்று கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தால் டீகூடக் குடிக்காமல் அங்கே போய் நிற்பேன். இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள், உடம்பைவிடப் பெரிய வாய்கள். எப்படியாவது இவை பறந்து போய்விட வேண்டுமே என்று எனக்கு ஒரே கவலை.

நான் லீவு போட்டிருந்த ஒரு நாள் மாலை மேற்கே வானம் கறுத்தது. அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்த மைனாக்கள் திடீரென்று வாயை மூடிக்கொண்டன. கரண்டுக் கம்பியில் காக்கைகள் அத்தனையும் காற்று வரும் பக்கமாகவே முகத்தைத் திருப்பி உட்கார்ந்தன. யார் ஆர்டர் போட்டார்கள் என்றே தெரியவில்லை. நான் கூட்டைக் குனிந்து பார்த்தேன். நாரும் குச்சியும்தான், அடியில் வெளிச்சம் தெரிந்தது. என் கணக்கில் அது ரிஜெக்ட் பீஸ்.

பெற்றவை இரைக்குப் போயிருந்த நேரம். புது பிரிட்ஜோடு வந்ததென்று அக்கா பரணில் பத்திரமாக வைத்திருந்த பபுள் ஷீட்டை எடுத்தேன். கூட்டைச் சுற்றி, கிளையைச் சுற்றி, மேலே கூரையும் வைத்து டேப்பை இழுத்து ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

காற்று வந்தது. ஷீட் பாய்மரம் மாதிரி உப்பி, கிளையை முறிக்கப் பார்த்தது. மழையும் வந்தது. கூரையில் தண்ணீர் தேங்கி, பை மாதிரி குஞ்சுகள் மேல் தொங்கியது. தாய்க்குருவி வந்து, வழி தெரியாமல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

“ஏய், இன்னா பண்ணி வெச்சிகீற? அதுங்க மூச்சு வுட வேணாமா?” என்று அக்கா குடையோடு ஓடி வந்தார்.

“நனைஞ்சிரும்லாக்கா!”

“ஆமா, நனையாம சாவட்டும்! பிரி மொதல்ல!”

பிரிக்க வரவேண்டுமே! நான் ஒட்டின டேப். நகம் உடைந்தது. பல்லால் கடித்தேன். அந்த நேரம் பார்த்தா கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நிற்க வேண்டும்? இறங்கிய என் லைன் ஆட்கள் எல்லாரும் வேலி ஓரம் நின்று, நைட்டியில் நனைந்தபடி செம்பருத்தியைக் கடிக்கும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். குஞ்சுகள் பிழைத்தால் மொட்டை போடுவதாக வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டினேன். (யாருக்கு என்று சொல்லவில்லை.)

கடைசி டேப் பிய்ந்ததும் ஷீட் பறந்தது, அக்காவின் குடையும் கூடவே போனது. “நீ நிக்கிற வரிக்கும் அது வராது, உள்ள வா” என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

சமையலறை ஜன்னலில் நின்று அழுதேன். மழை சாட்டையாக அடித்துக்கொண்டிருந்தது. அப்போது அது வந்தது. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது. உள்ளே இறங்கி, இரண்டு இறக்கையையும் பக்கவாட்டில் விரித்துக் கூட்டையே மூடிக்கொண்டது. அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொண்டது. தண்ணீர் தலையிலிருந்து முதுகு வழியாக வழிந்து வெளியே போயிற்று. கிளை தரை வரை வளைந்தபோது அதுவும் கூடவே போய், கூடவே வந்தது. இடி விழுந்தபோது நானும் அக்காவும் அலறினோம். அது அசையவில்லை. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு அது. அக்கா என் தலையைத் துவட்டிவிட்டார்.

விடிந்ததும் ஓடினேன். ரிஜெக்ட் பீஸில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. வந்ததெல்லாம் அந்த ஓட்டைகள் வழியாகவே வடிந்திருந்தது. மூன்று வாய்களும் என்னைப் பார்த்துத் திறந்தன.

இந்தக் கதையை அக்கா என் கல்யாண மண்டபத்தில் மைக் இல்லாமலே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். வேண்டுதலை நான் ஞாபகப்படுத்த, மொட்டை என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. அந்தக் கடுப்பு அவருக்கு இன்னும் தீரவில்லை. மழை நாளில் மகளுக்கு ஸ்வெட்டர், அதன்மேல் ரெயின்கோட், அதன்மேல் துண்டு என்று நான் சுற்றத் தொடங்கினால், “பாப்பா, மூச்சு வருதான்னு பாத்துக்கோ” என்பார். அவளும் “அம்மா, டேப் வேண்டாம்மா” என்று கத்துவாள்.

நானும் சிரித்துக்கொள்வேன். ஆனால் இடி இடித்தால் அவள் ஓடி வந்து என் மடியில்தான் விழுவாள். அப்போது என் இரண்டு கைகளும் தாமாக விரியும். அவர் அதைப் பார்ப்பார். அந்த நேரத்தில் மட்டும் கேலி செய்யமாட்டார்.