துணி ரோலுக்குப் பின்னால் இருந்த சாமான்

“எடுத்த கை எதுன்னு எனக்குத் தெரியோணும். எங்கிட்டச் சம்பளம் வாங்கிட்டு எங்கிட்டயே கை வெச்சிருக்குது ஒரு ஜீவன். மரியாதையா வந்து ஒத்துக்கச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை காலை. மண்ணரையில் ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு மெஷினும் ஒரே மூச்சில் நின்றன. முதலாளி கத்துவது அங்கே புதிதல்ல. என்ன காணோம் என்று சொல்லாமல் கத்துவதுதான் புதிது.

“என்னது காணலன்னு சொன்னாத்தானே மொதலாளி தேட முடியும்” என்றாள் விஜயராணி. செக்கிங் பிரிவு அவள் பொறுப்பு. நாசரேத்துப் பக்கத்துக்காரி.

“ஒரு சாமான்.”

“எவ்வளவு பெருசு?”

ஆத்தப்பன் இரண்டு கையையும் அகல விரித்தார். உடனே பயந்துபோய்ப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

காணாமல் போனது ஒரு கிட்டார். அப்படி ஒரு கிட்டார் இருந்ததே யாருக்கும் தெரியக்கூடாது. வாயைத் திறந்தால் மானம் போகும், மூடினால் கிட்டார் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான் அவர் கத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் அவர் மனைவி மாரக்காளின் ஆசையில் ஆரம்பித்தது. சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் விஜயராணியிடம் மத்தியானச் சோற்று வேளைகளில் இரண்டு வருசமாகக் கற்றுக்கொண்டவள், கல்யாணத்தின் வெள்ளிவிழாவுக்கு ஒரு செமி ஹாலோ எலக்ட்ரிக் கிட்டார் கேட்டாள். நடுவில் கெட்டிக் கட்டை, இரண்டு பக்கமும் பொள்ளல், நெஞ்சில் இரண்டு வளைந்த துளை. “அமெரிக்காவுல செஞ்சதே வாங்கித் தாரேன்” என்று சேவூர் மச்சான் மகுடேஸ்வரன் முன்னால் ஆத்தப்பன் வீறாப்பாகச் சொல்லிவிட்டார்.

கோயமுத்தூர் கிட்டார்க் கடையில் விற்பனைப் பையன் ஜெபக்குமார் மூன்று கிட்டார்களை எடுத்து வைத்தான். மூன்றும் ஒரே சிவப்பு, ஒரே வடிவம். ஒன்று கம்பெனியின் சொந்தப் பட்டறையில் அமெரிக்காவில் செய்தது. அடுத்தது அதே கம்பெனிக்காக ஜப்பானில் செய்தது. மூன்றாவது, சீனாவில் இன்னும் நாலு கம்பெனிகளுக்கும் செய்து தரும் ஃபேக்டரியில்.

“அப்ப ஜாப் ஒர்க்குன்னு சொல்லு.”

“ஆமாங்க. ஆனா நடுக்கட்டை வேற, சத்தத்தப் புடிக்கற பிக்கப் வேற, கை வேலை வேறங்க.”

ஆத்தப்பனுக்கு ரத்தம் ஏறியது. குண்டடத்திலிருந்து பஸ் ஏறி, பன்னிரண்டு வயதில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, டைலர்களிடம் குட்டு வாங்கிக் கற்ற தொழில். ஒரே துணி, ஒரே தையல். கழுத்து லேபிளை மாற்றினால் மூன்று விலை. இதைத் தினமும் செய்கிறவனிடமே லேபிள் கதையா? முக்கால் மணி நேரம் பேரம் பேசினார். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சோடு சீனாக்காரியைத் தூக்கி வந்தார்.

கம்பெனியிலேயே ஒரு அமெரிக்க லேபிளை அச்சடித்தார். நூல் பிடுங்கும் இடுக்கியால் துளை வழியே உள்ளே விட்டு, பழைய லேபிளின் மேல் ஒட்டினார். கிட்டாரின் தலைக்குப் பின்னால் இருந்த சீனாப் பெயரின் மேல் ஒரு ஸ்டிக்கரை வைத்து அயர்ன் பாக்ஸால் ஓர் அழுத்து. மாரக்காள் வாங்கிக் கண் கலங்கினாள். ஆத்தப்பனுக்குத் தன் தொழில்மேல் மரியாதை கூடியது.

பத்தாம் நாள், தோசையை வைத்தபடி அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் விருந்துக்கு வருகிறாராம், கிட்டார் தெரிந்த ஒருத்தரையும் கூட்டி வருகிறாராம், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துத்தான் எந்த ஃபேக்டரி என்று சொல்வார்களாம்.

ஆத்தப்பன் தட்டைத் தள்ளி வைத்தார். மச்சானுக்குத் தெரிந்தால் சேவூர் டீக்கடை வரைக்கும் சிரிக்கும். சனிக்கிழமை கோயமுத்தூர் ஓடினார். வாழ்க்கையில் முதல் முறையாகப் பேரம் பேசாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, அசல் அமெரிக்காவை வாங்கினார். மாரக்காள் அவிநாசிக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அதை அறையில் வைத்து, சீனாக்காரியைக் குடோனில் துணி ரோலுக்குப் பின்னால் ஒளித்தார். திங்கட்கிழமை லேபிளை உரித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதுதான் கெடுவின் கடைசி நாள்.

ஞாயிறு, மகுடேஸ்வரன் தனியாக வந்தார். நாட்டுக்கோழிக் குழம்பை மூன்று தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார். கிட்டாரைப் பார்த்து, “இது கரண்டுல ஓடுமா மாப்ள?” என்று கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

திங்கள், ரோலுக்குப் பின்னால் வெறும் சுவர்.

சத்தம் கேட்டு மாரக்காள் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் குடோன் சாவிக் கொத்து ஆடியது.

“ஏனுங்க, என்ன சாமானுங்க காணோம்?”

“சாமான்னா சாமான்தான்.”

“செவப்பா இருக்குமுங்களா?”

ஆத்தப்பன் பக்கத்தில் கிடந்த ஒரு பனியனை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

“சும்மா கேட்டனுங்க. நம்ம விஜயராணி சர்ச்சுக்கு யாரோ ஒரு புண்ணியவான் கிட்டாரு குடுத்திருக்கறாராம். நேத்து அதுலதான் வாசிச்சாங்களாம். சைனாதானாம், ஆனா சத்தம் நல்லாத்தான் இருக்குதாம்.”

விஜயராணி போனை நீட்டினாள். படத்தில் கிட்டாரின் துளை, உள்ளே அமெரிக்க லேபிள், அதன் கோணல் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பழைய லேபிள். பக்கத்தில், ரிஜெக்ட் பனியனில் குறையைக் காட்ட அவள் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

“இந்த அம்பு எப்ப ஒட்டுனது?” ஆத்தப்பனின் குரல் பாதியாகிவிட்டது.

“அம்மாவுக்குக் கிட்டார் வந்த மறுநாளே மொதலாளி. கை பழக்கம்.”

அப்படியானால் டார்ச் அடிக்க வரவிருந்த ஆளே மாரக்காளின் கற்பனைதான் என்பது ஆத்தப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

இருபத்திரண்டு டைலர்களும் குனிந்து ஊசியில் நூல் கோர்த்தார்கள். யாருக்கும் நூல் அறுந்திருக்கவில்லை.

மாரக்காள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னாள்.

“சாமி கும்புடற எடத்துல பொய் லேபிள் இருக்கக் கூடாதுங்கறாராம் பாஸ்டரு. ஒட்டுனது யாரோ, அவங்களே வர்ற ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்கு வந்து, அத்தன பேரு முன்னால அந்த லேபிள உரிச்சு எடுத்துட்டுப் போவோணும். இடுக்கி நானே குடுத்துடறனுங்க.”